ஆடி முடியும்வரை ஒரு கேமரா

வேலைக்குக் கிளம்பும்போது வீரமணி சாவியைக் கைக்குட்டையில் சுற்றித்தான் எடுப்பான். குலுங்கக் கூடாது. ஷூவை முந்தின நாள் சாயங்காலமே வாசலுக்கு வெளியே விட்டிருப்பான். பெல்ட்டும் கையுறையும் இருக்கிற பை ராத்திரியெல்லாம் வண்டியிலேயே தொங்கும். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளை விரலால் தாங்கி இறக்கி, பூட்டை உள்ளங்கையில் பொத்தி அமுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவான். படியிலிருந்து கேட்டுக்கு ஏழு எட்டு வைக்க வேண்டும். நாலாவது எட்டில் உள்ளேயிருந்து அந்தக் குரல் வரும். நீட்டிக்கொண்டே மேலே போய், உச்சியில் உடைகிற ஒரு கூப்பாடு.

வீரமணி நின்றுவிடுவான். திரும்பி வந்து கதவைத் திறப்பான். கூடத்தில் கிடக்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் முழுசாக உட்காருவான்; பட்டும் படாமலும் உட்கார்ந்தால் கணக்கில் சேராது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற எவர்சில்வர் டம்ளரை எடுத்து அண்ணாந்து ரெண்டு மடக்கு தண்ணீர் குடிப்பான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவான். பாதி நாள் இது இரண்டு தடவை நடக்கும். சில நாள் மூன்று.

கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கூப்பிட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் வீரமணி கரண்டுக் கம்பம் ஏறுகிறவன். பதினாறு வருஷமாக லைன்மேன். அவனுக்கு இது பழக்கம் என்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பழைய செக்‌ஷனில் கூட வேலை பார்த்த ஆதிமூலம் ஒருநாள் காலையில் கிளம்பும்போது அவர் பையன் “அப்பா” என்று பின்னாலிருந்து கூப்பிட்டானாம். நேரமாகிவிட்டது என்று அவர் திரும்பாமல் போனார். அன்று மத்தியானம் கம்பத்திலிருந்து விழுந்தார். பையன் எதற்குக் கூப்பிட்டான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. சாவு வீட்டில் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். வீரமணி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கூப்பிடுவது மனுசனாக இருந்தால் என்ன, நாயாக இருந்தால் என்ன.

நாயின் பெயர் லட்டு. வெள்ளையில் செம்பட்டை அடித்த நாட்டு நாய், பெட்டை. குட்டியாக இருந்தபோது மகள் சந்தியா பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் தூக்கி வந்தது. அப்போதெல்லாம் கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டில் அந்த வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். யாராவது ஒருத்தர் வீட்டில் இருப்பார்கள். லட்டு யார் போனாலும் கண்டுகொள்ளாது. போன வருஷம் ஜூனில் மனைவி இசைவாணிக்குத் திருக்கோவிலூருக்கு மாற்றல் வந்தது. தாலுகா ஆபீஸில் தட்டச்சு வேலை. மகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம், தங்குவது மாமியார் வீட்டில். ஒரே நாளில் பீரோவும் தையல் மெஷினும் அந்த இரண்டு பேரும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏறிப் போனார்கள். லட்டு கேட்டுக் கம்பி வழியாக அந்த வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்தது. மறுநாள் வீரமணி வேலைக்குக் கிளம்பியபோது முதல் முறையாக அந்தக் கூப்பாடு வந்தது. அன்றைக்கு அவன் திரும்பி வந்து உட்கார்ந்து, ரெண்டு மடக்கு தண்ணீர் குடித்தான்.

அதிலிருந்து வீட்டுக்குள் அவனும் ஒரு கயிற்றில்தான் இருந்தான். முடி வெட்டப் போனால் நாயும் கூட வரும். ரேஷன் கடை வரிசையில் காலுக்கடியில் படுத்திருக்கும். கல்யாணம் காட்சி என்று யாராவது பத்திரிகை வைத்தால், வாங்கும்போதே போக மாட்டோம் என்று தெரியும். மாமியார் வீட்டில் நாய் ஆகாது. திருக்கோவிலூர் பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அது கால் மேல் தலையை வைத்துக்கொள்ளும். கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே முனகும். “இங்கதான்டி கீறேன்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இசைவாணி போனில் கேட்பாள். “இந்த வாரமாவது வர்றியா?”

“பாக்கறேன்.”

“பாத்துக்கினே இரு. உம் பொண்ணு இன்னா கேக்குறா தெரியுமா? நம்மள கூட கேட்டுக்குள்ள போட்டுப் பூட்டினா அப்பா தெனம் வருவாரான்னு கேக்குறா.”

“அவள்ட்ட குடு.”

“அவ டியூசன் போயிட்டா. உனக்காவ ஒக்காந்துக்கினு இருப்பாளா?”

ஆடி பிறந்த ரெண்டாம் நாள் மாடியிலிருந்து காசியம்மாள் இறங்கி வந்தாள். வீட்டுக்காரம்மா. அறுபது வயசு, வாடகை விஷயத்தில் ஒரு நாளும் கறாராக நின்றதில்லை. அதனால் அவள் கேட்டுக்கு வெளியே நின்றே பேசியபோது, இது வாடகை விஷயம் இல்லை என்று வீரமணி புரிந்துகொண்டான்.

“தம்பி, நான் நாய்க்கு விரோதி இல்லப்பா. ஆனா நீ போனப்புறம் அது கத்துறது நாய் கத்துற மாரியா கீது? கொயந்த அழுவுற மாரி கீது. எதிர்வூட்டுக்காரன், கீழ்வூட்ல எவனோ புள்ளைய வெச்சி அடிக்கிறான்னு போலீஸுக்குப் போன் போடப் பாத்தான்.”

“பழகிடும்மா. கொஞ்ச நாள்ல...”

“ஒரு வருசமா பழகலையேப்பா. இப்ப எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. ஒம்போதாம் மாசம். காலங்காத்தால ஊளை வுடுது. நாய் ஊளை வுட்டா இன்னா சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அவ காதைப் பொத்திக்கினு ஒக்காந்துகீறா.”

 பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆகாது என்று நம்புகிறவன், ஊளையிட்டால் ஒன்றுமில்லை என்று எந்த வாயால் சொல்வான்?

“ஆடியில யாரையும் வூட்ட வுட்டுப் போன்னு சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன்,” என்றாள் காசியம்மாள். “ஆவணி ஒண்ணாம் தேதி. ஒண்ணு அது இருக்கக்கூடாது, இல்லன்னா நீ இருக்கக்கூடாது. மனசுல வெச்சிக்காத.”

வேறு வீடு கேட்டுப் பார்த்தான். நாய் இருக்கிறது என்றதும், ஆடி முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். லட்டுவை விட்டுவிட இடம் ஒன்று உண்டு. வடக்கனந்தலில் அக்கா வீடு. நிலம், கொட்டகை, பம்புசெட்டு. சித்திரையில் அங்கே கொண்டுபோய் விட்டுப் பார்த்தாயிற்று. “நாலு நாள் கட்டிப் போட்டா சரியாப் பூடும் மச்சான்,” என்றார் அக்கா வீட்டுக்காரர். மூன்றாம் நாள் வீரமணி போய்ப் பார்த்தபோது லட்டு சங்கிலி நீளும் தூரம் வரைக்கும் போய், கழுத்து இறுக, ரோட்டுப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தது. சங்கிலியைக் கடித்துக் கடித்து வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. வைத்த சோறு எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவிழ்த்து வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். இன்னொரு தடவை அங்கே விட்டால் அது உயிரோடு இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

கேமரா யோசனையைச் சொன்னது ராசு. கூட வேலை செய்கிறவன், ஊர் கச்சிராயபாளையம், வயசில் சின்னவன். மலையில் வேலை என்றால் இரண்டு பேரும்தான் சேர்ந்து போவார்கள்.

“அது நாள் பூரா கத்துதா, நீ போன கொஞ்ச நேரம் கத்திட்டு வுட்டுடுதான்னு மொதல்ல தெரிஞ்சிக்கோ ணா. அந்தம்மா ஒண்ண ஒம்போதாச் சொல்லுதோ இன்னாவோ.”

“எப்படிடா தெரிஞ்சிக்கிறது? நான் இருந்தா அது கத்தாது. நான் இல்லன்னா எனக்குத் தெரியாது.”

“கேமரா வையி ணா.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேமரா கடை வைத்திருக்கிற கலையரசன், வீரமணியோடு பத்தாவது படித்தவன். வாய் ஜாஸ்தி.

“இன்னாடா, வூட்ல திருடனா?”

“இல்லடா. நாயி.”

“நாய் திருட்டா?”

“நாயப் பாக்கணும். நான் வேலைக்குப் போனப்புறம் அது இன்னா பண்ணுதுன்னு.”

கடையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.  கலையரசன், “ஊர்ல எல்லாரும் பொண்டாட்டியப் பாக்க வெக்கிறான். இவன் நாயப் பாக்க வெக்கிறான்” என்று சொல்லிவிட்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

முதலாவது, உருண்டையாக ஒரு பொம்மைத் தலை மாதிரி இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்க்கும். வீட்டில் வைஃபை வேண்டும். வீரமணி வீட்டில் அது கிடையாது. இரண்டாவது பேட்டரியில் ஓடுவது. “இது தூங்கிக்கினே இருக்கும். எதுனா அசைஞ்சா முழிச்சிக்கும், படம் புடிக்கும், உனுக்கு மணி அடிக்கும்,” என்றான் கலையரசன்.

“அசையாம இருந்தா?”

“அசையாம இருந்தா இன்னாத்தப் பாக்கப் போற?”

வீரமணி அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளினான். அசையாமல் கிடந்தால்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாவது, சிம் போடுவது. வைஃபை தேவையில்லை. உள்ளே ஒரு மெமரி அட்டை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். ஆனால் சுவரில் செருக வேண்டும்.

“கரண்டு போனா?”

“கரண்டு போனா கேமராவும் போவும். இன்னாடா, கரண்டு நிறுத்துறவனே என்னாண்ட வந்து கேக்குற?”

எல்லோரும் சிரித்தார்கள். வீரமணியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, வருகிற செவ்வாய்க்கிழமை டவுனுக்கு மாதாந்திர பராமரிப்பு, காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்டு கிடையாது, அந்த வேலைக்குத் தன்னையும்தான் போட்டிருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. தன் வீட்டுக் கேமராவைத் தானே போய் அணைக்க வேண்டும். கலையரசன் ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியை எடுத்துக் காட்டினான். இன்டர்நெட் வைத்திருக்கிறவர்கள் மோடத்துக்குப் போடுவது. கேமராவை அதில் மாட்டினால் கரண்டு போனாலும் எட்டு மணி நேரம் தாங்கும். “இதுல இன்னொண்ணும் கீது. நீ போன்ல பேசினா அங்க வூட்ல கேக்கும். நாயாண்ட பேசலாம். கொஞ்சிக்கலாம்.”

மூன்றாவதையே வாங்கினான். டி.வி.க்கு மேல், கதவும் நாற்காலியும் தெரிகிற மாதிரி மாட்டினான். லட்டு அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனது.

கல்வராயன் மலையில் அவர்கள் வேலை பார்க்கிற பாதி இடத்தில் தரையில் டவர் கிடைக்காது. வெள்ளிமலை தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் போன் வெறும் கடிகாரம். ஆனால் முப்பதடிக் கம்பத்தின் உச்சிக்குப் போனால் ரெண்டு கோடு வரும். இத்தனை வருஷத்தில் வீரமணிக்கு இது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு கம்பமும் அவன் வீட்டைப் பார்க்கிற ஜன்னலாகிவிட்டது. ஆடிக்காற்றில் மரக்கிளை விழுந்து கம்பி அறுவதும் அந்த நாட்களில் ஜாஸ்தி. ஒரு நாளைக்கு நாலு கம்பம், ஐந்து கம்பம். மேலே போவான், இடுப்பில் பெல்ட்டை மாட்டுவான், சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பான். உள்ளங்கையளவு கூடத்தில் லட்டு கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். வாய் திறந்து திறந்து மூடும். காற்றின் இரைச்சலில் சத்தம் கேட்காது.

இரண்டாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. போனில் அந்தப் பேசுகிற பொத்தானை அழுத்தினான். “லட்டு, இதோ வந்துர்றேன்டி. சும்மா இரு.”

படத்தில் லட்டு விறைத்து நின்றது. காது இரண்டும் எழுந்தன. பிறகு ஓடியது. சமையலறைக்குள் போய் வந்தது, கட்டிலுக்கடியில் நுழைந்தது, டி.வி.க்குப் பின்னால் மூக்கை விட்டது, மறுபடி சமையலறை. அவன் குரல் வீட்டுக்குள் இருந்தது, அவனைக் காணோம். பத்து நிமிஷம் தேடிவிட்டு, டி.வி. மேஜையில் முன்னங்காலை வைத்து ஏறி, சுவரை நகத்தால் கீற ஆரம்பித்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. வீரமணி கம்பத்தின் மேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். கீழேயிருந்து ராசு கத்தினான்: “யாராண்ட ணா பேசற? கம்பத்துக்கா?”

அந்தப் பொத்தானை அவன் பிறகு தொடவே இல்லை.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஊரே கோமுகி அணைப் பக்கம் போயிருந்தது. வீரமணி வீட்டில் உட்கார்ந்து, லட்டு காலில் தலை சாய்த்திருக்க, அந்த வாரம் பதிந்ததையெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். இதுவரை அவன் பார்த்ததெல்லாம் தான் போன பிறகு நடந்ததைத்தான். கேமரா அவன் போவதற்கு முன்னாலேயே விழித்திருந்தது. அதனால் படத்தில் அவனும் இருந்தான்.

உயரத்திலிருந்து பார்க்க, வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு ஆள். திருடன் மாதிரி சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறான். நாய் கதவருகே போய் ஒரு கூப்பாடு போடுகிறது, நிறுத்துகிறது, தலையைச் சாய்த்துக் கேட்கிறது. கதவு திறக்கிறது. நாய் குதிக்கிறது. அந்த ஆள் நாற்காலியில் உட்காருகிறான், தண்ணீர் குடிக்கிறான், போகிறான். நாய் மறுபடி கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்க்கிறது. கதவு திறக்கிறது. மூன்றாம் முறை அவன் போகிறான்; நாய் வாய் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிற சத்தம். நாய் கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்க்கிறது. கதவு திறக்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது. நாற்காலியிடம் ஓடி மோந்து பார்க்கிறது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற டம்ளரை அண்ணாந்து பார்க்கிறது. கதவுக்கு ஓடுகிறது. விடாமல் ஐம்பது நிமிஷம், அப்புறம் நாள் பூரா விட்டு விட்டு.

திங்கள், செவ்வாய், புதன் எல்லா நாளும் இதேதான். கூப்பிட்டால் வருவான் என்று ஒரு வருஷமாக ஒரு ஆள் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இரண்டு தடவை வந்தவன் மூன்றாம் தடவை வரவில்லை என்றால், போதுமான அளவு கூப்பிடவில்லை என்றுதானே அது நினைக்கும்?

வீரமணி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். லட்டு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. திரும்பக்கூடாது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்கிற இடத்தில் ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் நாலாவது எட்டில் குரல் வந்தது. அவன் நின்றான். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மறுபடி குரல். கை தானாகச் சாவியைத் தேடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய் அங்கே ஸ்டார்ட் செய்தான். கச்சிராயபாளையம் வரைக்கும் முதுகு முழுக்க அந்தக் குரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

ராசுவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவன் முகத்தைப் பார்த்து ராசு, “இன்னா ணா, பேய் அறைஞ்ச மாரி வர்ற?” என்றான்.

வீரமணி சொன்னான். ராசு சிரிக்கவில்லை. அவனும் கம்பம் ஏறுகிறவன்தான்.

“இங்க உக்காரு ணா.” ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். உள்ளே பார்த்து, “யேய், ஒரு சொம்பு தண்ணி குடு” என்றான். “எந்த வூட்டுத் தண்ணியா இருந்தா இன்னா. உக்காந்தியா, குடிச்சியா, போனியா. அவ்ளோதான?”

“அது சொந்த வூட்லதான்டா குடிக்கணும்.”

“அப்டின்னு யாரு எழுதி வெச்சிகீறாங்க?”

யாரும் எழுதி வைக்கவில்லை. வீரமணி முழுசாக உட்கார்ந்து ரெண்டு மடக்கு குடித்தான். நெஞ்சில் பாதி இறங்கியது, பாதி நின்றது.

அன்றைய வேலை, பள்ளத்து ஊர் ஒன்றுக்குப் போகிற லைனில் தொங்கிக் கிடந்த கம்பி. லைன் கிளியர் வாங்கியாயிற்று, அதாவது சப்ஸ்டேஷனில் சொல்லி அந்த லைனில் கரண்டை நிறுத்தியாயிற்று. வீரமணி ஏறினான். உச்சிக்குப் போனதும் போன் ரெண்டு தடவை அதிர்ந்தது. எடுத்தான். லட்டு கத்திக்கொண்டிருந்தது. கதவு, நாற்காலி, கதவு. அவன் பார்க்க ஆரம்பித்து இருபத்தைந்தாவது நிமிஷம். இருபத்தாறு. நிறுத்திவிட்டதோ? இல்லை. இருபத்தேழு.

“அண்ணே!”

ராசுவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அண்ணே, அசையாத. பெல்ட்டப் பாரு.”

வீரமணி குனிந்து பார்த்தான். பெல்ட்டின் கயிறு கம்பத்தைச் சுற்றவே இல்லை. கொக்கி இடுப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் போன். இன்னொரு கை குறுக்குக் கம்பியில் லேசாக வைத்திருந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் கை வைத்திருப்பதுபோல. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

போனைப் பையில் போட்டு, கயிற்றைச் சுற்றிக் கொக்கியை மாட்டினான். மாட்டியதை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

கீழே இறங்கியதும் ராசு கையை நீட்டினான். “போனக் குடு.” மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. மலை ரோட்டு வளைவு வரைக்கும் நடந்தார்கள், தரையில் டவர் கிடைக்கிற இடம் அதுதான். அங்கே வைத்துக் கேமரா ஆப்பைத் தன் போனில் ஏற்றினான் ராசு. வீரமணியின் போனிலிருந்து அழித்தான். “இனிமே நான் பாத்துச் சொல்றேன். லைன் கிளியர் கேக்கறதுக்கு, திருப்பிக் குடுக்கறதுக்கு நான்தான இந்த வளைவுல நிக்கறேன்? இங்கருந்து பாத்துட்டு வந்து சொல்றேன். ஆடி முடியற வரைக்கும் நீ அதப் பாக்கவே கூடாது. உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு.”

“அவ மேல எதுக்குடா?”

“பண்ணு ணா.”

பண்ணினான்.

மறுநாளிலிருந்து இதுதான் வழக்கமானது. நாலாவது எட்டில் குரல், திரும்பாத முதுகு, ராசு வீட்டு ஸ்டூல், தண்ணீர். ராசுவின் மனைவி அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே சொம்போடு வாசலுக்கு வந்துவிடுவாள். “வாங்க ணா, சாமிக்குத் தண்ணி ரெடி” என்பாள். மலையில் வேலை நடுவே வீரமணி கம்பத்தின் மேலிருந்து கேட்பான்.

“இன்னாடா பண்ணுது?”

“கத்துது ணா. கம்மியாத்தான் கீது.”

மூன்றாம் நாள்: “பத்து நிமிசத்துல வுட்டுடுச்சி.”

ஐந்தாம் நாள்: “சத்தமே இல்ல. படுத்துடுச்சி ணா.”

“மெய்யா?”

“கால நீட்டிக்கினு தூங்குது. உனக்கு இல்ல அந்தக் குடுப்பின.”

அப்புறம் ஒவ்வொரு நாளும் அதே பதில்தான். தூங்கிக்கினு கீது. வீரமணிக்குக் கை நிதானப்பட்டது. வேலை சட்டென்று முடிந்தது. ஒருநாள் மத்தியானம் நாகலூர்ப் பக்கம் ஒரு கம்பத்தின் மேல் இருந்து சுற்றிலும் மலையைப் பார்த்தான். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்ப்பதுபோல இருந்தது. காலையில் நாலாவது எட்டில் வருகிற குரலும் மெலிந்துகொண்டே வந்தது. ஆடி கடைசி வாரத்தில் ஒருநாள் கேட்டு வரைக்கும் ஏழு எட்டும் போனான்; குரல் வரவில்லை. பழக்கத்தில் நின்று கேட்டான். வரவே இல்லை. ராசு வீட்டில் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னபோது ராசுவின் மனைவிதான் ஏமாந்துபோனாள்.

ஆவணி ஒன்றாம் தேதி காசியம்மாள் இறங்கி வந்தாள். இந்த முறை கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். கையில் சர்க்கரை. மூன்று நாளைக்கு முன்னால் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

“இன்னா மந்திரம்ப்பா போட்ட? வூட்ல நாய் இருக்கறதே தெரியல. எம் பொண்ணே கேக்குறா, வுட்டுட்டாங்களாம்மான்னு.” லட்டுவைக் குனிந்து பார்த்து, “இருந்துக்கோ, இருந்துக்கோ” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரமணி லட்டுவுக்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, கதவைச் சாதாரணமாகச் சாத்தி, சாவி குலுங்கப் பூட்டிவிட்டு, திருக்கோவிலூர் பஸ் ஏறினான். ஆற்றுப் பாலத்தைப் பஸ் தாண்டும்போது அவன் கை போனைத் தேடியது. ஆப் இல்லை என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டது. சந்தியா வாசலில் நின்றிருந்தாள். அவன் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

“யாரு இது, நம்ம வூட்டுக்கு வழி தெரிஞ்சி வந்துகீறாரு?” என்றாள் இசைவாணி உள்ளேயிருந்து.

சாப்பிட்டான். மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தான். சாயங்காலம் கிளம்பும்போது, அடுத்த வாரமும் வருகிறேன் என்றான். அந்த வாரமே டி.வி.க்கு மேலிருந்து கேமராவைக் கழற்றி, பெட்டியில் போட்டு, பீரோ இருந்த இடத்தில் கிடக்கிற அட்டைப்பெட்டிக்குள் வைத்தான். ராசுவின் போனிலிருந்தும் ஆப் போனது. “இனிமே அத வெச்சிக்கினு இன்னா பண்றது?” என்றான் ராசு.

மார்கழியில் அக்கா, பம்புசெட்டு மோட்டார் திருடு போகிறது, உன்கிட்ட ஏதோ கேமரா இருக்கிறதாமே என்று கேட்டாள். வீரமணி அதை எடுத்துக்கொண்டு கலையரசன் கடைக்குப் போனான். உள்ளே அட்டையில் இருப்பதை அழித்துக் கொடுக்க வேண்டும். கலையரசன் அட்டையைக் கம்ப்யூட்டரில் செருகி, “அழிச்சிடட்டா? உன் நாய் படம்தான் பூரா கீது” என்றான். விரலைப் பொத்தானில் வைத்தவன், என்ன நினைத்தானோ, வேகமாக ஓட விட்டான். ஒரு நாள் ஒரு நிமிஷத்தில் ஓடியது.

ஆடியின் கடைசி பன்னிரண்டு நாட்களும் அதில் இருந்தன. ராசு பார்த்துச் சொன்ன நாட்கள். காலையில் ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழும், தரைக்கு இறங்கும், கூடத்தைக் கடந்து நாற்காலியின் காலைத் தொட்டு, மங்கிப்போகும். லட்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து, அவன் கிளம்புகிறபோது வருகிற கூப்பாட்டுக்கு மேல் அது வாய் திறக்கவில்லை. காலை ஏழரைக்கு வீரமணி போனதிலிருந்து சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கதவு திறக்கிற வரைக்கும், அந்த வேலை நாட்களில் ஒரு நாளும், அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.